கல்லு... கணக்கு... 'லெட்ஜர்'!

மாமியாரை லண்டனில் கொண்டுபோய் இறக்கிவிட ஓர் ஆள் தேவைப்பட்டது. மச்சினிக்குப் பிரசவ நேரம். மாமியாருக்குத் தெரிந்த ஆங்கிலம் 'தேங்க்யூ' ஒன்றுதான். அதையும் கோபம் வந்தால்தான் சொல்வார். வீட்டில் எல்லோருக்கும் ஆபீஸ், லீவு இல்லை, ஆடிட் என்று ஒரு காரணம் இருந்தது. 'இவர் எழுதிக்கிட்டு சும்மாதானே இருக்கார்' என்று என் பெயரை முன்மொழிந்தது என் சொந்த மனைவி. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. டிக்கெட் செலவு சகலை தலையில்!

மொத்தம் பத்து நாள். எட்டு நாள் சகலை வீட்டில் காய் நறுக்கியதில் போயிற்று. பாக்கி இரண்டு நாளில் நான் பார்க்கப் போனது பக்கிங்ஹாம் அரண்மனையை அல்ல. ஒரு கல்லை.

"கல்லைப் பார்க்கவா மாப்ளே ரயிலேறிப் போறீங்க? நம்ம ஊர்ல இல்லாத கல்லா?" என்றார் மாமியார்.

நியாயமான கேள்விதான். நான் பார்க்கப் போனது கல்லை அல்ல, அந்தக் கல்லுக்கு நாற்பது நிமிஷ தூரத்தில் குடியிருக்கும் 'லெட்ஜரை'.

லெட்ஜர் என் பி.காம். தோழன். மூன்று வருஷம் ஒரே பெஞ்ச். காலேஜ் வாசல் டீக்கடையில் யார் யாருக்கு எத்தனை டீ, எத்தனை வடை பாக்கி என்று நீள நோட்டில் டபுள் என்ட்ரி போட்டு வைத்திருப்பான். மாசக் கடைசியில் டிரையல் பேலன்ஸ் டேலி ஆகும். (புரொபஸர் போர்டில் போட்டது டேலி ஆகாது, அது வேறு விஷயம்.) அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 2013-ல் இங்கிலாந்து போனவன், டெவன் மாவட்டத்து எக்ஸிடர் நகரில் ஒரு கம்பெனியில் கணக்கெழுதிக்கொண்டிருக்கிறான்.

2021 மே மாசத்துக்குப் பிறகு எங்களுக்குள் 'ஹாப்பி பொங்கல்', 'ஹாப்பி பர்த்டே' தவிரப் பேச்சு இல்லை. சண்டையெல்லாம் இல்லை. காரணம் இருக்கிறது. வருகிறேன்.

லண்டன் பாடிங்டன் ஸ்டேஷனிலிருந்து எக்ஸிடர் ரயிலில் இரண்டேகால் மணி நேரம். பிளாட்பாரத்தில் அவன் என் தலையைப் பார்த்தான். நான் அவன் வயிற்றைப் பார்த்தேன். இரண்டு பேருமே அதைப் பற்றிப் பேசவில்லை.

மறுநாள் ஞாயிறு. "அண்ணா, ஸ்வெட்டர் மட்டும் பத்தாது. ரெயின்கோட்டும் எடுத்துக்கங்க" என்று அவன் மனைவி இரண்டு டப்பா லெமன் சாதத்தோடு வழியனுப்பினாள். செப்டம்பர் மாசம். வானம் துவைத்துப் பிழிந்த பழைய வேட்டி மாதிரி இருந்தது.

பவி ட்ரேஸி என்ற சின்ன ஊரைத் தாண்டியதும் ரோடு மேலே ஏறுகிறது. ஓரிடத்தில் ரோட்டுக்குக் குறுக்கே இரும்புக் கம்பிகளைப் பதித்து வைத்திருக்கிறார்கள். கார் போகும், ஆடு மாடு குதிரைக்குக் கால் மாட்டும், அதனால் அவை தாண்டாது. அந்தக் கம்பியைத் தாண்டினால் டார்ட்மூர். மரம், வேலி, வீடு எல்லாம் சட்டென்று நின்றுபோய், கண்ணுக்கு எட்டின வரை மொட்டை வெளி.

'மூர்' என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று நானும் மண்டையை உடைத்துக்கொண்டு பார்த்தேன். காடு இல்லை. வயல் இல்லை. பாலைவனமும் இல்லை, ஏனென்றால் வருஷத்தில் பாதி நாள் மழை. புல், பெரணிச் செடி, ஹெதர் என்று ஊதாப் பூ, கார்ஸ் என்று மஞ்சள் பூவோடு ஒரு முட்புதர், பள்ளமான இடங்களில் காலை உள்ளே இழுக்கும் சதுப்பு. ஒரு காலத்தில் இங்கே மரங்கள் இருந்தனவாம். பல ஆயிரம் வருஷத்துக்கு முன் மனுஷன் வெட்டினான். அப்புறம் ஆடு மாடுகள் மேய்ந்து மேய்ந்து மரத்தைத் திரும்பத் தலையெடுக்க விடவில்லை. 954 சதுர கிலோமீட்டர். 1951-லிருந்து தேசியப் பூங்கா. இந்த மொட்டை வெளியில் அங்கங்கே குன்றின் உச்சியில் கருங்கல் முண்டுகள். இவர்கள் அதை 'டார்' என்கிறார்கள். நூற்றைம்பதுக்கு மேல் இருக்கிறது. அதில் சூப்பர் ஸ்டார்தான் நாங்கள் போன ஹே டார்.

தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டு யானைகள் படுத்திருக்கிற மாதிரி இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 457 மீட்டர். கல்லுக்கு டிக்கெட் கிடையாது. கார் நிறுத்தத்தான் காசு. கார் பார்க்கிங்கில் தகவல் மையம் இருக்கிறது. அங்கிருந்து புல் சரிவில் பதினைந்து இருபது நிமிஷம் ஏறினால் கல்லைத் தொட்டுவிடலாம். (எனக்கு முப்பத்தைந்து நிமிஷம். நடுவில் இயற்கையை ரசிப்பதாகச் சொல்லி நாலு தடவை நின்றேன்.)

சும்மா சொல்லக்கூடாது, கிட்டே போனால் கல் மிரட்டுகிறது. சுமார் 28 கோடி வருஷத்துக்கு முன்னால் பூமிக்கு அடியில் உருகிக் கிடந்த குழம்பு, அவசரமே படாமல் ஆறி இறுகினது. மேலே மூடியிருந்ததெல்லாம் மழையிலும் பனியிலும் கரைந்துபோக, இது மட்டும் வெளியே நிற்கிறது. மெதுவாக ஆறினதால் கல்லுக்குள் வெள்ளை வெள்ளையாகப் படிகங்கள், தயிர் சாதத்தில் தாளித்த முந்திரி மாதிரி.

19-ம் நூற்றாண்டிலேயே டூரிஸ்டுகள் ஏறுவதற்குப் பாறையில் படி வெட்டியிருக்கிறார்கள். லெட்ஜர் விடுவிடுவென்று ஏறினான். நான் கைகளையும் கால்களாகப் பாவித்து ஏறினேன். உச்சியில் ஒரு ஆறு வயசுப் பெண் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டு என்னை அனுதாபத்தோடு பார்த்தது.

மேலேயிருந்து டெயின் நதி கடலில் கலக்கிற இடம் வரை தெரியும் என்றான். தெரிந்தது. சரியாக நாலு நிமிஷம். நான் கேமராவை எடுத்து ஃபோகஸ் பண்ணுவதற்குள் மேற்கேயிருந்து பனிமூட்டம் வந்தது பாருங்கள்... யாரோ வெள்ளை பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்த மாதிரி. கடல் போச்சு, ரோடு போச்சு, கார் போச்சு. பிஸ்கட் பெண்ணையும் காணோம்.

"இறங்கிடலாம்டா. எனக்கு வழி தெரியும்" என்றான்.

பன்னிரண்டு வருஷமாக இங்கே இருப்பவன் சொல்கிறானே என்று நம்பி இறங்கினேன். அரைமணி நேரம் நடந்தபிறகு 'கார் பார்க்கிங் இவ்வளவு தூரம் இல்லையே' என்றான். போனில் சிக்னல் இல்லை. பாறையின் எதிர்ப்பக்கத்தில் இறங்கியிருக்கிறோம்! கோனன் டாய்ல் தன் பாஸ்கர்வில் வேட்டைநாயை இந்த டார்ட்மூரில்தான் ஓடவிட்டார் என்பது அந்த நேரம் பார்த்தா ஞாபகம் வரவேண்டும்?

அப்போதுதான் கால் எதிலோ இடறியது. குனிந்து பார்த்தால் தண்டவாளம். இரும்பு இல்லை. கருங்கல்! நீள நீளமான கல் துண்டுகளில், சக்கரம் விலகாமல் இருக்க ஓரத்தில் விளிம்பு விட்டுச் செதுக்கி, வரிசையாகப் பதித்திருந்தது.

"தப்பிச்சோம். இது டிராம்வே. இதைப் பிடிச்சுக்கிட்டே போனா குவாரி வரும்" என்றான் லெட்ஜர்.

இந்தக் கல் தண்டவாளத்தின் கதை, காமர்ஸ் படித்தவன் கட்டாயம் கேட்கவேண்டிய கதை. ஜார்ஜ் டெம்ப்ளர் என்று ஒரு ஜமீன்தார். மலைமேல் கருங்கல் குவாரி. விற்கவேண்டிய இடம் லண்டன். நடுவில் ரோடு கிடையாது. இரும்புத் தண்டவாளம் போடலாமென்றால் கட்டுப்படியாகாது. காலடியில் கல்தான் கொட்டிக் கிடக்கிறதே என்று கல்லையே தண்டவாளமாக்கிவிட்டார். 1820-ல் திறந்தார்கள். ஸ்டாக்டன்-டார்லிங்டன் ரயில் ஓடுவதற்கு ஐந்து வருஷம் முன்னால்! கிட்டத்தட்ட பத்து மைல், சுமார் 1300 அடி இறக்கம், கீழே போனால் அவருடைய அப்பா வெட்டிவைத்த கால்வாய், அங்கிருந்து படகு, அப்புறம் கப்பல். பாரம் ஏற்றின வண்டி இறக்கத்தில் தானே போய்விடும். பிரேக் பிடிக்க ஆள் போதும். காலி வண்டியை மேலே இழுத்துவரத்தான் குதிரை. செலவைப் பார்த்தீர்களா? நம்ம புரொபஸர் இருந்திருந்தால் கைதட்டியிருப்பார்.

1831-ல் திறந்த லண்டன் பாலத்துக்கு இந்தக் குவாரியிலிருந்துதான் கல் போயிற்று. அந்தப் பாலத்தை 1968-ல் ஒரு அமெரிக்கர் 24 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு வாங்கி, நம்பர் போட்டுப் பிரித்து, அரிசோனாவில் லேக் ஹவாசு என்ற ஊரில் 1971-ல் மறுபடி கட்டிவிட்டார். ஆக, இந்த மலையின் கல் இப்போது அமெரிக்காவில் வெயில் காய்கிறது. ஜமீன்தார்? கடன் முற்றி, 1829-ல் எஸ்டேட்டையே ஒரு பிரபுவுக்கு விற்றுவிட்டார். டபுள் என்ட்ரி சரியாகப் போடவில்லை போலிருக்கிறது. கார்ன்வால் கல் கப்பலில் மலிவாக வர ஆரம்பித்ததும் இந்த டிராம்வேயும் படுத்துவிட்டது. குதிரை போயிற்று, வண்டி போயிற்று. தண்டவாளம் மட்டும் புல்லுக்குள் அப்படியே கிடக்கிறது. கல்லை யார் பழைய இரும்புக் கடைக்குப் போடுவார்கள்?

குவாரி வந்தது. கல் வெட்டிய பள்ளத்தில் தண்ணீர் நின்று குளமாகியிருந்தது. அல்லி இலை. துருப்பிடித்த பழைய இரும்பு வின்ச் ஒன்று. காற்றே இல்லை. பனி விலகுகிறவரை உட்காரலாம் என்று உட்கார்ந்தோம்.

லெமன் சாதத்தைத் திறந்தோம். இரண்டு வாய் சாப்பிட்டிருப்பேன்.

"அன்னிக்கு போன் ஏன்டா கட் ஆச்சு?" என்றான், டப்பாவைப் பார்த்துக்கொண்டே.

என்னிக்கு என்று நான் கேட்கவில்லை.

2021 மே மாசம் அவன் அப்பா கொரோனாவில் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்து போய்ச் சேர்ந்தார். போஸ்ட் ஆபீஸில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். எனக்கு முதன்முதலில் பேனா வாங்கிக் கொடுத்தவர். மயானத்தில் நாலு பேருக்கு மேல் கூடாது என்றார்கள். அந்த நாலு பேரில் நான் ஒருத்தன். ஒரு கையில் கிளவுஸ், ஒரு கையில் போன். வீடியோ காலில் லெட்ஜர். உள்ளே தள்ளப் போகிற நேரத்தில் லைன் கட்டாகிவிட்டது. 'சிக்னல் போச்சுடா' என்று அப்புறம் மெசேஜ் போட்டேன். 'பரவால்லடா' என்று பதில் வந்தது. அதோடு சரி. நாலு வருஷம்.

"சிக்னல் எல்லாம் போகலைடா. ஃபுல்லா இருந்துச்சு. நான்தான் கட் பண்ணேன்" என்றேன்.

"தெரியும்" என்றான். "வராதவனுக்கு எதுக்குக் காட்டணும்னுதானே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாதம் தொண்டையில் நின்றுவிட்டது.

"டேய், பைத்தியக்காரா! உன் மூஞ்சியைப் பார்க்க முடியலைடா. இத்தனூண்டு சதுரத்துக்குள்ளே நீ கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டு இருந்தே. என் கை நடுங்கிச்சு. அங்கேயே நான் விழுந்துடுவேன்னு பயமாயிடுச்சு. கட் பண்ணிட்டேன். அதை எப்படி மெசேஜ்ல எழுதறது? அதான் சிக்னல் மேலே பழியைப் போட்டேன்."

அவன் ரொம்ப நேரம் குளத்தையே பார்த்தான். அப்புறம் சொன்னான்.

அப்பா ஆஸ்பத்திரியில் சேர்ந்த மூணாவது நாள் ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டானாம். அப்போது இந்தியா இங்கிலாந்தின் சிவப்புப் பட்டியலில் இருந்தது. போய்விட்டுத் திரும்பினால் சொந்தச் செலவில் பத்து நாள் ஹோட்டலில் அடைபட்டுக் கிடக்கவேண்டும். அதற்கு 1750 பவுண்டு. விமான டிக்கெட் இரண்டு மடங்கு. சம்பளமில்லாத லீவு. வீட்டுக் கடன் தவணை. எல்லாவற்றையும் ஒரு பக்கம் வரிசையாக எழுதினானாம்.

"டெபிட் சைடு பூரா எழுதிட்டேன்டா. கிரெடிட் சைடுல 'அப்பா'ன்னு எழுதினேன். எதிர்ல என்ன தொகை போடறதுன்னு தெரியலை. அப்படியே மூடி வெச்சுட்டேன். நாளைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம்னு..."

"நீ வந்திருந்தாலும் உள்ளே விட்டிருக்க மாட்டாங்கடா. நாங்களே வார்டு வாசலைத் தாண்டலை."

"தெரியும். ஆனா கணக்குப் போட்டப்போ அது எனக்குத் தெரியாதே."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை.

எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தோமோ, பின்னாலிருந்து யாரோ கழுத்தில் மூச்சு விட்டார்கள். நான் 'ஐயோ' என்று அலறியதில் லெமன் சாதம் பாதி கவிழ்ந்தது. திரும்பினால் குதிரை. குள்ளமாக, கொழுக்மொழுக்கென்று, நெற்றி மயிர் கண்ணை மறைத்துக்கொண்டு. டார்ட்மூர் போனி. கடன் வசூலிக்க வந்தவன் மாதிரி டப்பாவையே பார்த்தது. கொஞ்சம் போடலாமே என்று கையை நீட்டினேன்.

"போடாதே, ஃபைன்!" என்று கத்தினான் லெட்ஜர், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. இந்தக் குதிரைகள் காட்டுக் குதிரை மாதிரி திரிந்தாலும் ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரர் உண்டு. இலையுதிர் காலத்தில் எல்லாவற்றையும் ஓட்டிவந்து யார் யாருடையது என்று பிரித்துக்கொள்வார்களாம். தீனி போட்டுப் பழக்கினால் ரோட்டோரம் வந்து நின்று காரில் அடிபடுகின்றன. அதனால் தடை.

குதிரை எங்களை அலட்சியமாக ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போயிற்று. கொஞ்ச நேரத்தில் பனியும் போயிற்று. பார்த்தால் ஹே டார் தலைக்கு மேலேயே நிற்கிறது! இதற்குத்தான் அரைமணி நேரம் நடந்தோம்.

திரும்புகிற வழியில் லெட்ஜர் ஒரு ஹோட்டலைப் பற்றிச் சொன்னான். 1916-ல் அகதா கிறிஸ்டி தன் முதல் துப்பறியும் நாவலை முடிக்க முடியாமல் ஹே டார் பக்கம் மூர்லாண்ட் ஹோட்டலில் இரண்டு வாரம் தங்கினாராம். காலையில் எழுத்து. மத்தியானம் இந்த வெளியில் நடந்துகொண்டே பாத்திரங்களின் வசனத்தை உரக்கப் பேசிப் பார்ப்பாராம். நான் வீட்டில் அப்படிப் பேசினால் மனைவி மந்திரிக்கக் கூட்டிப் போவாள்.

அடுத்து ஹவுண்ட் டார். இதுவும் கல்தான். ஆனால் சரிவில் நடுக்காலத்துக் கிராமம் ஒன்றின் அஸ்திவாரங்கள் இருக்கின்றன. வீடு, தானியம் உலர்த்தும் கொட்டகை எல்லாம் தரை மட்டத்துக் கல்லாக. அறுநூறு வருஷத்துக்கு முன் காலி பண்ணிவிட்டுப் போய்விட்டார்கள்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ரோட்டோரம் ஒரு சின்ன மண்மேடு, தலைமாட்டில் கல். ஜே என்கிற பெண்ணின் சமாதி. பதினெட்டாம் நூற்றாண்டுக் கடைசியில் பண்ணையில் வேலை பார்த்த அனாதைப் பெண், தற்கொலை செய்துகொண்டாள் என்பது செவிவழிக் கதை. அந்தக் காலத்தில் தற்கொலை செய்தவர்களைச் சர்ச்சில் சேர்க்க மாட்டார்கள். சந்திப்பு ரோட்டில் புதைப்பார்கள். 1860-ல் தோண்டியபோது எலும்பு கிடைத்து, அங்கேயே மறுபடி புதைத்தார்கள். விசேஷம் என்னவென்றால் எப்போது போனாலும் புதுப் பூ இருக்கும். தேவதை வைக்கிறது என்பார்கள். யாரோ வழிப்போக்கர்கள்தான். பூ வைத்திருந்த ஜாடி ஒன்று காற்றில் சாய்ந்திருந்தது. லெட்ஜர் குனிந்து நிமிர்த்தி வைத்துவிட்டு வந்து வண்டியை எடுத்தான்.

கடைசியில் வைட்கம் கிராமம். பள்ளத்தாக்கில் சுமார் 120 அடி உயரக் கோபுரத்தோடு பெரிய சர்ச். 1638 அக்டோபர் 21, ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனை நடந்துகொண்டிருந்தபோது நெருப்புப் பந்து மாதிரி மின்னல் உள்ளே புகுந்து நாலு பேர் இறந்தார்கள், அறுபது பேருக்குக் காயம். இதில் கதைக்குக் கேட்க வேண்டுமா? சீட்டுக்கட்டும் கையுமாகச் சர்ச்சில் தூங்கிய சூதாடியைப் பிடிக்கச் சாத்தான் வந்தானாம். வருகிற வழியில் சாராயக் கடையில் குடித்தானாம். தொண்டையில் இறங்கும்போது 'சுர்ர்' என்றதாம். அவன் கொடுத்த தங்கக் காசு, அவன் போனதும் காய்ந்த சருகாகிவிட்டதாம். 'வாராக் கடன்' என்றான் லெட்ஜர். அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தான்.

டீக்கடையில் கிரீம் டீ. ஸ்கோன் என்று ஒரு ரொட்டி, கட்டிப் பாலேடு, ஜாம், டீ. நான் ஜாமை எடுத்துத் தடவப் போனேன். கையைப் பிடித்துவிட்டான். டெவன் மாவட்டத்தில் முதலில் பாலேடு, மேலே ஜாம். பக்கத்துக் கார்ன்வாலில் முதலில் ஜாம். இதற்காக இரண்டு மாவட்டத்துக்காரர்களும் தலைமுறை தலைமுறையாக அடித்துக்கொள்கிறார்கள். வயிற்றுக்குள் போனால் எல்லாம் ஒன்றுதானே என்றேன். சத்தமாகச் சொல்லாதே என்றான்.

பில் வந்தது. நான் பர்ஸை எடுத்தேன்.

"வை உள்ளே. காலேஜ் டீக்கடையில உன் பேர்ல இன்னும் 43 ரூபா நிக்குது. அதை முதல்ல குடு" என்றான்.

மறுநாள் காலை ஸ்டேஷனில் ரயில் நகர ஆரம்பித்தபிறகு ஜன்னலோடு ஓடிவந்து ஏதோ சொன்னான். கண்ணாடிக்குள் கேட்கவில்லை. ஐந்து நிமிஷத்தில் மெசேஜ் வந்தது: 'அடுத்த மே மாசம் வரேன். அப்பா திதி எந்தத் தேதின்னு பஞ்சாங்கம் பார்த்துச் சொல்லு. அதுக்கு முன்னாடி நாள் டிக்கெட் போடறேன்.'

லண்டன் வந்து சேர்ந்ததும் மாமியார் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"கல்லு எப்படி இருந்துச்சு மாப்ளே? போட்டோ எடுத்தீங்களா?"

காட்டினேன். பன்னிரண்டு போட்டோ. பன்னிரண்டிலும் வெள்ளை வெளேரென்று பனி. ஒன்றில் மட்டும் ஓரத்தில் குதிரையின் காது.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"தேங்க்யூ" என்றார்.